ஆக்டிவா, பாசிவா? கூடத்துக்கு நான் தேர்ந்தெடுத்த ஸ்பீக்கர்

கூடத்தில் பாட்டுக் கேட்க ஒரு ஜோடி சிறிய ஸ்பீக்கர் தேடியபோது கடைசியில் இரண்டு மாடல்கள் எஞ்சின. ஒன்று, ஆம்ப்ளிஃபயரைத் தன் பெட்டிக்குள்ளேயே கொண்ட ஆக்டிவ் மானிட்டரான (ஒலிப்பதிவைச் சரிபார்க்கப் பயன்படும் ஸ்பீக்கர்) யமஹா எச்எஸ்5. மற்றொன்று, தனி ஆம்ப்ளிஃபயர் தேவைப்படும் பாசிவ் வகையான வார்ஃபடேல் டயமண்ட் 12.1. மூன்று ஆண்டுகளுக்கு முன் டயமண்டை வாங்கினேன். இன்று வாங்கினாலும் அதையே வாங்குவேன்.

இரண்டிலும் தாழ்ந்த ஒலிகளுக்கு 5 அங்குல வூஃபர், உயர்ந்த ஒலிகளுக்கு 1 அங்குல ட்வீட்டர். இரண்டிலும் காற்றுத்துளை பின்பக்கம் இருப்பதால், சுவரை ஒட்டி வைத்தால் பாஸ் கும்மென்று திரளும். அதைக் குறைக்க எச்எஸ்5-இல் ஒரு சுவிட்ச் உண்டு. டயமண்டைச் சுவரிலிருந்து தள்ளித்தான் வைக்க வேண்டும்.

எச்எஸ்5-ஐ நண்பர் வீட்டு மேசையில் இரண்டு வாரம் கேட்டேன். மிருதங்கத்தின் வலந்தலையில் விரல் படும் இடம்கூடத் தெரிந்தது. ஆனால் அதன் ஒலியளவுத் திருகு ஒவ்வொரு பெட்டியின் முதுகிலும் தனித்தனியாக இருக்கிறது. மின்இணைப்பும் பெட்டிக்கு ஒன்று. சோபாவிலிருந்து சத்தத்தைக் கூட்டிக் குறைக்க வேறொரு கருவி வாங்கியாக வேண்டும்.

மானிட்டர் என்றாலே ஆக்டிவ்தான் என்று கடைக்காரர்கள் சிலர் சொல்வது சரியல்ல. பிபிசி தன் வெளிப்புற ஒலிபரப்பு வண்டிகளுக்காக உருவாக்கிய எல்எஸ்3/5ஏ பாசிவ் பெட்டி. ஒலிப்பதிவுக் கூடங்களை நிறைத்த யமஹாவின் வெள்ளைக் கூம்பு என்எஸ்-10-உம் அப்படித்தான். 1978-இல் அது வீட்டு ஸ்பீக்கராகவே விற்பனைக்கு வந்தது.

என் முடிவைத் தீர்மானித்தது பழுதுபார்ப்பு. இதற்கு முன் வேறொரு நிறுவனத்தின் ஆக்டிவ் ஜோடி வைத்திருந்தேன். ஐந்தாம் ஆண்டு கோடையில் வலப்பக்கப் பெட்டி உறுமத் தொடங்கியது. ஒரு வாரத்தில் ஊமையானது. அந்த மாடலுக்கு இனி ஆம்ப்ளிஃபயர் போர்டு வராது என்று சர்வீஸ் மையத்தில் கைவிரித்துவிட்டார்கள். சென்னையின் மின்னணுச் சந்தையான ரிச்சி தெருவில் ஒரு மெக்கானிக் திறந்து காட்டினார்: மின்னேற்றத்தைத் தேக்கும் கெப்பாசிட்டர்கள் உப்பிப் போயிருந்தன. மாற்றிக் கொடுத்தார். நான்கு மாதம் பாடியது. பிறகு போர்டில் இருந்த ஐசி சில்லே கருகிவிட்டது. வூஃபரும் ட்வீட்டரும் புதிதுபோல இருக்க, பெட்டி மட்டும் பயனற்றுப் போனது. ஒற்றையாய் நின்ற இடப்பக்கப் பெட்டியையும் வாங்க ஆளில்லை.

இப்படி உப்பும் எலக்ட்ரோலிட்டிக் வகைக் கெப்பாசிட்டரின் சூடு 10 டிகிரி ஏறினால் ஆயுள் ஏறத்தாழப் பாதியாகும் என்பது மின்னணுத் துறையினர் வைத்திருக்கும் கணக்கு. ஆக்டிவ் பெட்டியில் அந்தச் சூடு மூடிய மரப்பெட்டிக்குள் உருவாகிறது. சென்னை வெயில் அதற்கு மேல் சேர்கிறது. பாசிவ் பெட்டிக்குள் இருப்பவை சில சுருள்கள், கெப்பாசிட்டர்கள், ரெசிஸ்டர்கள். சாதாரணமாகக் கேட்கும் அளவில் அவை சூடாவதே அரிது. ஆம்ப்ளிஃபயர் பழுதானால் அதை மட்டும் தூக்கிக்கொண்டு போகலாம். திரும்பி வரும்வரை யாரிடமாவது பழைய ஆம்ப்ளிஃபயரை இரவல் வாங்கி மாட்டலாம். சென்ற ஆண்டு எனக்கு அதுதான் நடந்தது. பாட்டு நின்றது ஒரே ஒரு மாலை.

பழைய பாசிவ் ஸ்பீக்கர் வாங்குபவர்கள் வூஃபரைச் சுற்றியுள்ள விளிம்பை விரலால் மெல்லத் தொட்டுப் பாருங்கள். ஃபோம் விளிம்பு நம் ஈரக்காற்றில் காலப்போக்கில் பொடிப்பொடியாக உதிரும். டயமண்ட் 12.1-இல் இருப்பது ரப்பர். மூன்று ஆண்டில் அதில் ஒரு விரிசலும் இல்லை. ஆனால் மூன்று ஆண்டை வைத்துக்கொண்டு இருபது ஆண்டுக்கு என்னால் உறுதி சொல்ல முடியாது.

செலவில் ஆக்டிவ்தான் லாபம். ஆம்ப்ளிஃபயரும் கேபிளும் சேர்ந்தபோது நான் போட்ட கணக்கைத் தாண்டிவிட்டது. மேசையில் ஒரு மீட்டர் தூரத்தில் அமர்ந்து ஒலிப்பதிவைத் திருத்துபவராக நான் இருந்தால், பழுது பயத்தையும் மீறி எச்எஸ்5-ஐத்தான் எடுத்திருப்பேன்.