430 ரூவா கிச்சன் தராசு: ஏழு மாசம் தெனமும் யூஸ் பண்ணிட்டு எழுதறேன்

சமையக்கட்டுல வெக்கற சின்ன எலக்ட்ரானிக் தராசுங்க, 10 கிலோ வரைக்கும் போடலாம், ஒரு கிராம் வரைக்கும் காட்டும். சேலம் சின்னக்கடை வீதில ஒரு பாத்திரக் கடைல 430 ரூவாய்க்கு வாங்குனேன். இதே டிசைன் பத்து பேர்ல விக்குது, அதனால கம்பெனி பேரு எழுதல. வெயிட் கொறைக்கணும்னு நெனைக்கறவங்க, முக்கியமா வீட்ல கரண்டி யாரு கைல இருக்கோ அவங்க, முழுசா படிங்க.

எனக்கு 41 வயசு, ஒயரம் 154 சென்டிமீட்டர், போன வருஷம் வெயிட் 78 கிலோ. எங்கூட்டுக்காரரு செவ்வாய்ப்பேட்டைல கொலுசு வேலை பண்றாரு, வீட்டு முன் ரூமுதான் பட்டறை, சமையல் முடிஞ்சா நானும் போய் ஒக்காந்து கண்ணி கோக்கறது, மணி வெக்கறதுன்னு கூடமாட செய்வேன், ஒக்காந்தா எந்திரிக்க நாலு மணி நேரம் ஆயிடும். மக்களைத் தேடி மருத்துவத்துல வர்ற அக்கா வீட்டுக்கே வந்து பிரஷரும் சுகரும் பாத்துட்டு, சும்மா விடாதீங்க டாக்டர பாருங்கன்னு சொன்னாங்க. போய் டெஸ்ட் எடுத்தா ஹெச்பிஏ1சி, அதாவது ரத்தத்துல மூணு மாச சராசரி சுகர காட்டற டெஸ்ட்டு, 6.1. 5.7ல இருந்து 6.4 வரைக்கும் சுகர் வர்றதுக்கு முந்தின கட்டமாம், 6.5 வந்துட்டா சுகர்தான். ஒயரத்துக்கும் எடைக்கும் போடற பிஎம்ஐ கணக்கு கிட்டத்தட்ட 33 வந்துச்சு, நம்ம நாட்டு ஆளுங்களுக்கு 23 தாண்டுனாலே அதிக எடை, 25 தாண்டுனா உடல் பருமன்னு டாக்டரம்மா சொன்னாங்க.

அவங்க என்னம்மா சாப்பிடறீங்கன்னு கேட்டாங்க. கொஞ்சமாத்தாங்க சாப்பிடறேன்னேன். கொஞ்சம்னா எவ்ளோம்மான்னாங்க. எனக்கு பதிலே வரல.

அந்த ஒரு கேள்விதான் வீட்டுக்கு வர்ற வரைக்கும் மனசுல ஓடிக்கிட்டே இருந்துச்சு. ஏன்னா எங்கூட்ல வெள்ளி வந்தா எடை போட்டுத்தான் வாங்குவோம், கொலுசா திருப்பிக் குடுக்கும்போதும் எடை போட்டுத்தான் குடுப்போம், நடுவுல சேதாரம் எவ்ளோன்னு கணக்கு இருக்கு, ரெண்டு கிராம் கொறஞ்சா தரையக் கூட்டி தூசிய சலிச்சுப் பாப்போம். அப்படிப்பட்ட வீட்ல எண்ணெய் எவ்ளோ போகுது, சோறு எவ்ளோ போகுதுன்னு கல்யாணம் ஆன 19 வருஷத்துல ஒரு நாள் கூட நான் பாத்ததில்ல. பட்டறைத் தராசுல அரிசியெல்லாம் வெக்க முடியாது, அது தொழில் பண்ற எடம். அதனால தனியா ஒண்ணு வாங்கலாம்னு முடிவு பண்ணேன்.

மொதல்ல ஆன்லைன்ல 299 ரூவாய்க்கு ஒண்ணு வரவழைச்சேன். வந்த அன்னைக்கே எங்கூட்டுக்காரரு பட்டறை 100 கிராம் படிக்கல்லை தூக்கி வெச்சாரு, 93ன்னு காட்டுச்சு, எடுத்துட்டு மறுபடி வெச்சா 96. திருப்பி அனுப்பிட்டோம். ரெண்டாவதா கடைவீதிக்கு கல்லை கையோட எடுத்துட்டுப் போய் கடைலயே வெச்சுப் பாத்து வாங்குனது இது, மூணு தடவை வெச்சா மூணு தடவையும் 100. உங்ககிட்ட படிக்கல் இல்லன்னா பத்து ரூவா காசு பத்து எடுத்துட்டுப் போங்க, ஒரு காசு 7.71 கிராம், பத்தும் சேத்து வெச்சா 77 வரணும். ஆவின் அரை லிட்டர் பாக்கெட்ட வெச்சும் பாக்கலாம், பால் தண்ணிய விட கொஞ்சம் கனம், 515க்கு மேல ரெண்டு மூணு கிராம் கவருக்கு சேத்து காட்டுனா சரியா இருக்குன்னு அர்த்தம்.

மொத வாரம் எதையும் கொறைக்கல, எப்பவும் போல சமைச்சு எப்பவும் போல சாப்பிட்டேன், எடை மட்டும் போட்டு காலண்டர் பின்பக்கம் எழுதி வெச்சேன். இத கண்டிப்பா செய்யுங்க. நான் போடற சோத்துக் கரண்டி ஒண்ணு 170 கிராம். மத்தியானம் கொழம்புக்கு ரெண்டு, ரசத்துக்கு ஒண்ணு, மோருக்கு ஒண்ணு, ஆக 680 கிராம். வெந்த சோறு 100 கிராமுக்கு சுமார் 130 கலோரி, அப்ப ஒரு வேளை சோத்துலயே 880 கலோரி கிட்ட. தொட்டுக்க வெச்ச பொரியல் எவ்ளோ தெரியுங்களா, 45 கிராம்.

எண்ணெய்க்கு ஒரு வழி இருக்கு, யாரும் சொல்லிக் குடுக்கல, தானா கண்டுபுடிச்சேன். எண்ணெய்த் தூக்கை தராசு மேல வெச்சு டேர் பட்டனை அமுக்குனா சைபர் ஆயிடும், அப்பறம் தூக்கை எடுத்து வாணல்ல ஊத்திட்டு திரும்ப வெச்சா எவ்ளோ ஊத்துனோமோ அது மைனஸ்ல காட்டும். கத்திரிக்கா வதக்க நான் குத்துமதிப்பா ஊத்துனது மைனஸ் 62. நான் ரொம்ப நேரம் அந்த நம்பரையே பாத்துட்டு நின்னேன். ஒரு கிராம் எண்ணெய்க்கு 9 கலோரி, அப்ப கத்திரிக்கா பொரியலுக்கு மட்டும் 558. மாசம் 6 லிட்டர் கடலெண்ணெய் வாங்கிட்டிருந்தோம் நாலு பேருக்கு, கணக்குப் போட்டா ஆளுக்கு ஒரு நாளைக்கு 45 கிராம் வருது. ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024ல வெளியிட்ட உணவு வழிகாட்டில 2000 கலோரி சாப்பாட்டுக்கு எண்ணெய் 27 கிராம்னு போட்டிருக்கு, காய் 400 கிராம், தானியம் 250 கிராம். நாங்க அப்படியே தலைகீழா சாப்பிட்டுட்டு இருந்திருக்கோம்.

இதெல்லாத்தையும் விட என்னை ஒலுக்குனது வேற ஒண்ணு. பசங்க தட்டுல மிச்சம் வெக்கறது, பாத்திரத்துல கடைசியா ஒட்டியிருக்கறது, இதையெல்லாம் கொட்ட மனசு வராம நின்னுக்கிட்டே வாய்ல போட்டுப்பேன், அத நான் சாப்பாடுன்னே நெனச்சதில்ல. ஒரு நாள் முழுக்க வாய்ல போடாம ஒரு கிண்ணத்துல சேத்து வெச்சேன். பாதி தோசை, எலுமிச்சை சாதம் ரெண்டு பிடி, பொங்கல் அடி, கடிச்சு வெச்ச வடை, ராத்திரி சப்பாத்தி ஓரம். மொத்தம் 340 கிராம். டாக்டர்கிட்ட கொஞ்சமாத்தான் சாப்பிடறேன்னு நான் பொய் சொல்லல, எனக்கு நெஜமாவே தெரியல. அரிசிய அளந்து போட ஆரம்பிச்சதுக்கு அப்பறம் மிச்சமே கொறஞ்சு போச்சு, பசங்களுக்கும் மொதல்ல கம்மியா வெச்சு கேட்டா மறுபடி வெக்கறேன்.

இந்த ஊர்ச் சாப்பாட்டைப் பத்தியும் சொல்லணும். சாயங்காலம் தட்டுவடை செட், அதாங்க ரெண்டு தட்டைக்கு நடுவுல காயும் சட்னியும் வெச்சுக் குடுப்பாங்களே, அத சாப்பிடறத மொதல்ல நிறுத்தணும்னு எல்லாரும் சொல்வாங்க. பார்சல் வாங்கிட்டு வந்து பிரிச்சு எடை போட்டேன், பீட்ரூட்டு, கேரட்டு, வெங்காயம், சட்னி இதுதான் பாதிக்கு மேல, தட்டை லேசு. வாரம் ஒரு நாள் ஒரு பிளேட்டு இப்பவும் சாப்பிடறேன், சந்தோஷமா சாப்பிடறேன். ஆனா பட்டறைல வேலை செய்யும்போது பக்கத்துல டப்பாவுல இருக்குமே மிக்சர், அது கை போன போக்குல ஒரு சாயங்காலம் 90 கிராம் போயிருக்கு, அத நிறுத்திட்டு வறுத்த கடலை 25 கிராம் எண்ணி எடுத்து வெச்சுக்கறேன். அப்பறம் ஜவ்வரிசி. நம்ம ஊர்ல செய்யறதுதான், வெரதத்துக்கு ஜவ்வரிசி உப்புமா செஞ்சா ஒடம்புக்கு லேசுன்னு நானும் நெனச்சேன், அது மரவள்ளிக் கெழங்கு மாவு, ஏறக்குறைய முழுக்க மாவுச்சத்து, பருப்பு மாதிரி புரதமெல்லாம் கெடையாது, அரிசி அளவுக்கு கலோரி இருக்கு. வெரதத்துக்கு செய்ங்க, வெயிட் கொறைக்கறதுக்குன்னு செய்யாதீங்க.

சாமை, தினை கூட அப்படித்தான். ஏற்காடு போயிட்டு வரும்போது மூணு கிலோ சாமை வாங்கிட்டு வந்து ஒரு மாசம் சோத்துக்குப் பதிலா அதையே ஆக்கினேன், எடை எறங்கவே இல்ல, ஏன்னா சிறுதானியந்தானேன்னு தைரியமா ரெண்டு மடங்கு சாப்பிட்டேன். பச்சையா 100 கிராம் எடுத்தா அரிசியும் சாமையும் கலோரில பெரிய வித்தியாசம் இல்ல. நார்ச்சத்து இருக்கறதால சாமை கொஞ்சத்துலயே வயிறு நெறையும், அந்தக் கொஞ்சத்துல நிறுத்துனாத்தான் பலன். இப்ப சாமை ஆக்குனா ஆளுக்கு 70 கிராம் பச்சையா அளந்து போடறேன். அம்மாப்பேட்டை உழவர் சந்தைல வாரம் ரெண்டு தடவ காய் வாங்கறோம், பீர்க்கங்கா, சொரக்கா, பீன்ஸு, கீரைன்னு என் தட்டுல 200 கிராம் காய் மத்தியானமே விழுந்துடுது. சோறு 300 கிராம். பசியோட எந்திரிக்கறதே இல்ல. முன்னாடி மூணு தடவ டயட்னு இருந்து, ராத்திரி பட்டினி கெடந்து, பவுடர் கலக்கிக் குடிச்சு, எறங்குன எடை மறுபடி ஏறுனதுக்கும் இதுக்கும் எனக்குத் தெரிஞ்ச வித்தியாசம் அந்தப் பசிதான்.

இப்ப ஒரு விஷயம், இத எழுதலாமா வேண்டாமான்னு யோசிச்சேன், எழுதியே ஆகணும். ரெண்டு மாசம் கழிச்சு எம் பொண்ணு, பதினஞ்சு வயசு, பத்தாவது படிக்கறா, அவ நோட்டுல பின்பக்கம் பாத்தேன். இட்லி 2, 78 கிராம். சட்னி 15 கிராம். பக்கத்துல தேதி. நான் சமையக்கட்டுல இல்லாத நேரம் பாத்து தட்டை தராசுல வெச்சு எடை போட்டிருக்கா. அவளுக்கு ஒடம்பு ஒல்லிதான், வளர்ற புள்ள. எனக்கு கையெல்லாம் நடுங்கிடுச்சு. என் தட்டை தெனம் தராசு மேல வெச்சு நம்பர் எழுதறத அவ பாத்துட்டே இருந்திருக்கா, நான் எதுவும் சொல்லாமலே கத்துக்கிட்டா. அன்னைக்கு ராத்திரி அவள பக்கத்துல படுக்க வெச்சுட்டு, கண்ணு, அம்மாவுக்கு டாக்டர் சொன்னதால அம்மா பண்றேன், உனக்கு பசிச்சா நீ சாப்பிடணும், உன் தட்டுக்கு கணக்கு கெடையாதுன்னு சொன்னேன். கொஞ்ச நேரம் கழிச்சு, ஸ்கூல்ல ஒருத்தி அவ தொடையப் பத்தி ஏதோ சொன்னான்னு அழுதா. அது தராசால வந்ததில்ல, ஆனா தராசு கைக்கெட்டுற எடத்துல இருந்துச்சு.

மறுநாள்ல இருந்து சாப்பாட்டுத் தட்டை தராசு மேல வெக்கறதையே விட்டுட்டேன். சமைக்கறதுக்கு முன்னாடி அரிசி, பருப்பு, எண்ணெய் மட்டும் எடை போடறேன், அதுவும் பசங்க ஸ்கூலுக்குப் போன பின்னாடி. ரெண்டு மாசத்துல கண்ணுக்கு அளவு பழகிடுது, 170 கிராம் கரண்டிய தூக்கி வெச்சுட்டு 100 கிராம் புடிக்கற சின்னக் கரண்டி வாங்கிட்டேன், மூணு போட்டா முடிஞ்சுது, நம்பர் பாக்க வேண்டிய தேவையே இல்ல. வயசுப் புள்ளைங்க இருக்கற வீட்ல இத வாங்குனா தயவுசெஞ்சு இந்த மாதிரியே யூஸ் பண்ணுங்க. சாப்பாட்டு விஷயத்துல மனசு ஏற்கனவே கஷ்டப்படறவங்க இருந்தா வாங்கவே வேண்டாம், டாக்டர்கிட்ட பேசுங்க.

மிஷின்ல இருக்கற கொறைங்க. ரெண்டு நிமிஷம் சும்மா விட்டா தானா ஆஃப் ஆயிடுது, மேல சொன்ன எண்ணெய்க் கணக்கு நடுவுல ஆஃப் ஆச்சுன்னா போச்சு, மறுபடி மொதல்ல இருந்து. உப்பு, மஞ்சத்தூள் மாதிரி கொஞ்சம் கொஞ்சமா போட்டா சைபர்லயே நிக்குது, மொத்தமா ஒரு கிண்ணத்துல போட்டு வெச்சாத்தான் காட்டுது, உப்புக்கு இத நம்பாதீங்க. அடுப்புத் திண்டு கொஞ்சம் சரிவா இருந்தாலும் நம்பர் மாறுது, ஃபேன் காத்துக்கும் ஆடுது. சூடான குக்கர ஒரு தடவ மேல வெச்சுட்டேன், அன்னைக்கு முழுக்க தப்பாவே காட்டுச்சு, இப்ப நல்லா ஆற வெச்சு இல்ல பலகை வெச்சுத்தான் வெக்கறேன். யூனிட் பட்டன் கை பட்டா அவுன்ஸுக்கு மாறிடுது. பேட்டரி மூடி ரெண்டாவது மாசமே ஒடஞ்சு ரப்பர் பேண்டு போட்டு வெச்சிருக்கேன். ரெண்டு பென்சில் பேட்டரி நாலு மாசம் வந்துச்சு.

ஏழு மாசத்துல 78ல இருந்து 70.4 வந்திருக்கேன். ஹெச்பிஏ1சி 5.8. எண்ணெய் மாசம் மூணரை லிட்டர், பட்டறைல இருந்து எந்திரிக்கும்போது முட்டில கை ஊனி எந்திரிக்கறதில்ல. சாயங்காலம் அரை மணி நேரம் நடக்கவும் செய்யறேன், அதனால எல்லாமே தராசாலதான்னு சொல்ல மாட்டேன்.

அஞ்சுக்கு நாலு ஸ்டார். கொறச்ச ஒண்ணு பேட்டரி மூடிக்கும் தானா ஆஃப் ஆவறதுக்கும். போன வாரம் எங்க நாத்தனார் கேட்டாங்கன்னு அதே கடைல இன்னொண்ணு வாங்கிக் குடுத்தேன், வெலை 460 ஆயிடுச்சு, படிக்கல் வெச்சுப் பாத்துட்டுத்தான் காசு குடுத்தோம், அதுவும் 100 காட்டுச்சு.