தொற்றுக் காலத்தில் ஆபரேஷன்: அரசு மருத்துவமனையா, தனியாரா?

பெருந்தொற்று வந்தால் ஆபரேஷன்கள் தள்ளிப்போகும் என்பது இப்போது எல்லோருக்கும் தெரியும். ஆனால் அரசு மருத்துவமனையில் அவை நிற்பதற்குக் காரணம் வேறு, தனியாரில் நிற்பதற்குக் காரணம் வேறு. மறுபடி தொடங்கும் விதமும் வேறு. "இரண்டில் எது மேல்?" என்று கேட்டால், என்ன ஆபரேஷன் என்று முதலில் சொல்லுங்கள் என்பேன். அது தெரியாமல் சொல்லும் எந்தப் பதிலும் அரைகுறைதான்.

முதலில் பாதிப்பின் அளவு. கோவிட் தொற்று பரவியபோது, கோவிட்சர்ஜ் என்ற பன்னாட்டு ஆய்வுக் குழு 2020 மே மாதத்தில் ஒரு மதிப்பீட்டை வெளியிட்டது. நெருக்கடியின் உச்சமான 12 வாரங்களில் மட்டும் உலகம் முழுக்கச் சுமார் 2.84 கோடி திட்டமிட்ட அறுவை சிகிச்சைகள் ரத்தாகும் அல்லது தள்ளிப்போகும் என்றது அது. அவற்றில் பத்தில் ஒன்பது புற்றுநோய் அல்லாதவை: குடலிறக்கம், பித்தப்பைக் கல், மூட்டு மாற்று போன்றவை. உயிருக்கு உடனடி ஆபத்தில்லை, சரி. ஆனால் இடுப்பு மூட்டு தேய்ந்து, மாடிப்படி ஏற முடியாமல் ஒன்றரை வருடம் உட்கார்ந்திருப்பவரிடம் "இது அவசரமில்லை" என்று சொல்லிப் பார்க்க வேண்டும்.

அரசு மருத்துவமனையில் என்ன நடக்கிறது?

ஆபரேஷன் தியேட்டரைப் பூட்டிவிட்டார்கள் என்றுதான் வெளியே இருப்பவர்கள் நினைக்கிறார்கள். உண்மையில் பல இடங்களில் தியேட்டர் கைமாறிப் போயிருந்தது. தீவிர சிகிச்சைப் பிரிவு (ஐசியு) நிரம்பியதும் அடுத்துக் கண்ணில் படுவது ஆபரேஷன் தியேட்டரும் அதையொட்டிய மீட்பு அறையும்தான். ஆக்சிஜன் குழாய், மானிட்டர், மயக்க மருந்து இயந்திரம் எல்லாம் அங்கே தயாராக இருக்கின்றன. அந்த இயந்திரத்துக்குள்ளேயே ஒரு வென்டிலேட்டர் உண்டு. ஆனால் அது சில மணி நேர ஆபரேஷனுக்காக வடிவமைக்கப்பட்டது. நோயாளி வெளிவிடும் காற்றையே கரியமில வாயுவை நீக்கிவிட்டு மறுபடி உள்ளே அனுப்பும் அமைப்பு அதில் இருக்கிறது. வாயுவை உறிஞ்சும் சுண்ணாம்புத் துகள்கள் தீரத் தீர மாற்ற வேண்டும், குழாயில் சேரும் ஈரத்தை வடிக்க வேண்டும். இதையே நாள் கணக்கில் ஒரு நோயாளிக்கு ஓட்டினால், விவரம் தெரிந்த ஒருவர் கூடவே நின்று கவனித்துக்கொண்டிருக்க வேண்டியிருக்கும். அந்த ஒருவர் பெரும்பாலும் மயக்க மருந்து நிபுணர். அவர் அங்கே போய்விட்டால் இங்கே அறுவை நிபுணர் இருந்தும் பயனில்லை.

ஆள், இடம், இயந்திரம் மூன்றும் ஒரே நேரத்தில் போய்விடுகின்றன. அரசு மருத்துவமனையில் ஆபரேஷன் நிற்பது பெரும்பாலும் இப்படித்தான். அப்போதும் விபத்து, பிரசவச் சிக்கல், குடல் ஓட்டை, மூளை ரத்தக்கசிவு ஆகியவை நிற்பதில்லை. யார் வந்தாலும் திருப்பி அனுப்ப முடியாத இடம் அது. ஊரடங்கில் சாலை விபத்துகள் குறைந்தன என்பது உண்மை. ஆனால் பயத்தில் வீட்டிலேயே இருந்துவிட்டு, குடல்வால் வெடித்த பிறகு வந்தவர்களும் உண்டு. ஒரு மணி நேர வேலை மூன்று மணி நேர வேலையாகும்.

வேகமும் குறைந்தது. தொற்று உள்ளவருக்கு மூச்சுவிட உதவும் குழாயைத் தொண்டைக்குள் பொருத்தினால், அறையின் காற்று மாறும்வரை மற்றவர்கள் வெளியே நிற்க வேண்டும். மணிக்கு 20 முறை காற்று மாறும் அறையில் கிருமித்துளிகள் 99 சதவீதம் வெளியேற 14 நிமிடம் ஆகும். 12 முறைதான் மாறும் என்றால் 23 நிமிடம். குழாயை எடுக்கும்போது மறுபடி அதே காத்திருப்பு. நடுவில் பிபிஇ எனும் பாதுகாப்பு உடையைப் போடுவது, கழற்றுவது, அறையைத் துடைப்பது. ஐந்து ஆபரேஷன் நடந்த மேசையில் இரண்டு நடந்தால் பெரிய விஷயம். பழைய கட்டடங்களில், அதாவது பெரும்பாலான அரசு மருத்துவமனைகளில், காற்றோட்ட வசதியை நினைத்த நேரத்தில் மாற்றவும் முடியாது.

தனியாரில் வேறு கதை

பல தனியார் மருத்துவமனைகளுக்குத் திட்டமிட்ட ஆபரேஷன்தான் வருமானத்தின் முதுகெலும்பு. கண்புரை, மூட்டு மாற்று, பித்தப்பை, மகப்பேறு ஆகியவற்றில் வரும் பணத்தில்தான் மற்ற பிரிவுகளும் ஓடுகின்றன. 2020 மார்ச்சில் அரசு ஆணைகளும் நோயாளிகளின் பயமும் சேர்ந்து அதை ஒரே வாரத்தில் நிறுத்தின. விசித்திரம் என்னவென்றால், தொற்றுக்காலத்தில் பல தனியார் மருத்துவமனைகளில் படுக்கைகள் காலியாகவும் சம்பளம் பாக்கியாகவும் இருந்தன. அமெரிக்காவில் 2020 மார்ச் முதல் ஜூன் வரை மட்டும் மருத்துவமனைகளுக்கு 20,260 கோடி டாலர் இழப்பு என்று அவற்றின் சங்கமே கணக்குக் காட்டியது. தன் இழப்பைத் தானே சொல்லும் கணக்கு என்பதால் கொஞ்சம் தள்ளுபடி செய்தே படிக்கலாம். அப்படிப் படித்தாலும் அடி பெரிது.

வருமானம் நின்றுபோன இடம் வருமானத்துக்காகவே சீக்கிரம் தொடங்கும். அனுமதி கிடைத்ததும் தனியார் தியேட்டர்கள்தான் முதலில் திறந்தன. நோயாளிக்கு இது லாபம்தான். கூடவே பில்லில் சில புதுச் செலவுகள் சேர்ந்தன: ஒவ்வொரு ஊழியரின் பிபிஇ உடைக்கும் கட்டணம், பரிசோதனைக் கட்டணம், தனி அறைக் கட்டணம். பல காப்பீட்டு ஒப்பந்தங்கள் தொற்றுக்கு முன் எழுதப்பட்டவை. ஒருமுறை பயன்படுத்தும் பொருள்களுக்குப் பணம் தராது என்ற விதி பலவற்றில் இருந்தது. "முழுத் தொகையும் காப்பீடு" என்று நம்பிப் போனவர்கள் கையிலிருந்து கட்டினார்கள்.

இன்னொன்று, யாரை எடுத்துக்கொள்கிறார்கள் என்பது. நாற்பது வயதில், வேறு நோய் எதுவுமில்லாத குடலிறக்கம் என்றால் தனியாரில் உடனே தேதி கிடைக்கும். எழுபது வயது, சர்க்கரை, சிறுநீரகக் கோளாறு, கூடவே பெரிய குடல் ஆபரேஷன் என்றால், ஐசியு வசதி குறைந்த சிறிய மருத்துவமனை மெதுவாகக் கைகழுவும். அதில் தவறில்லை, தாங்க முடியாததை எடுக்காமலிருப்பது நேர்மைதான். ஆனால் இதனால் எளியவை எல்லாம் இந்தப் பக்கம், சிக்கலானவை எல்லாம் அந்தப் பக்கம் என்று பிரிந்துபோகும். பிறகு "தனியாரில் பாதிப்பு குறைவு" என்று விகிதத்தை மட்டும் ஒப்பிடுவது அநியாயம்.

பாதுகாப்பு எங்கே?

இதில்தான் விளம்பரங்கள் அதிகம் ஏமாற்றின. ஆபரேஷன் நேரத்தில் தொற்று இருந்தால் ஆபத்து என்பது சந்தேகமில்லாத விஷயம். அறுவைக்கு 7 நாள் முன்பிலிருந்து 30 நாள் பின்புவரை தொற்று உறுதியான 1,128 பேரை 24 நாடுகளில் ஆராய்ந்து, 2020 மே மாதத்தில் கோவிட்சர்ஜ் குழு வெளியிட்ட முடிவில், 30 நாளுக்குள் இறந்தவர்கள் 23.8 சதவீதம். தடுப்பூசி வருவதற்கு முந்தைய கணக்கு இது. 2021 மார்ச்சில் வந்த பெரிய ஆய்வு, முடிந்தால் தொற்றுக்குப் பிறகு ஏழு வாரம் கழித்து ஆபரேஷன் செய்யச் சொன்னது.

"எங்களிடம் கோவிட் நோயாளி கிடையாது, அதனால் பாதுகாப்பு" என்று தனியார் சொன்னதில் பாதி உண்மை இருக்கிறது. 55 நாடுகளில் 9,171 புற்றுநோய் நோயாளிகளைப் பார்த்த ஆய்வில், தியேட்டர், ஐசியு, வார்டு மூன்றையும் தொற்று நோயாளிகளிடமிருந்து முழுக்கப் பிரித்து வைத்த இடங்களில் அறுவைக்குப் பிந்தைய நுரையீரல் சிக்கல் 2.2 சதவீதம். பிரிக்காத இடங்களில் 4.9. ஆக, காப்பாற்றியது பிரிப்புதான். அது அரசு வளாகத்தின் தனிக் கட்டடமாகவும் இருக்கலாம். தனியார் இடமாகவே இருந்தாலும், காலையில் அரசு வார்டில் நின்ற அதே மருத்துவர் மாலையில் அங்கே வந்து ஆபரேஷன் செய்தால், கதவில் ஒட்டிய "தொற்றில்லா வளாகம்" பலகைக்கு எவ்வளவு மதிப்பு என்று நீங்களே சொல்லுங்கள்.

அரசு தனியாரை எடுத்துக்கொண்டால்?

சில நாடுகள் இதையும் செய்து பார்த்தன. 2020 மார்ச்சில் இங்கிலாந்தின் பொதுச் சுகாதாரத் துறை தனியாரின் 8,000 படுக்கைகளையும் ஏறக்குறைய 20,000 ஊழியர்களையும் ஒப்பந்தத்தில் எடுத்தது. அயர்லாந்து மாதம் சுமார் 11.5 கோடி யூரோ மதிப்பீட்டில் தனியார் மருத்துவமனைகளை மூன்று மாதம் எடுத்தது. ஆஸ்திரேலியா, மூடிப்போகாமல் காப்பாற்றுகிறோம், தேவைப்பட்டால் படுக்கை தரவேண்டும் என்று 657 தனியார் மருத்துவமனைகளுக்கு உறுதி கொடுத்தது. இங்கிலாந்திலும் அயர்லாந்திலும் எழுந்த விமர்சனம் ஒன்றே: பணம் போனது, படுக்கைகள் பாதிக்குமேல் சும்மா கிடந்தன. படுக்கையை வாங்கிவிடலாம். அதே மயக்க மருந்து நிபுணரை இரண்டு இடத்தில் நிற்க வைக்க முடியாது.

ஆஸ்திரேலியாவின் வழிதான் எனக்குப் புத்திசாலித்தனமாகப் படுகிறது. முன்கூட்டியே பேசி, இழப்பை மட்டும் ஈடுகட்டி, தேவை வந்தால் மட்டும் எடுத்துக்கொள்ளும் ஏற்பாடு அது.

நெருக்கடி போன பிறகும் அரசுப் பக்கம் சுமை போகவில்லை. இங்கிலாந்தின் காத்திருப்புப் பட்டியல் தொற்றுக்கு முன் 45 லட்சத்தைத் தாண்டியிருந்தது. 2023 செப்டம்பரில் 77 லட்சத்தைத் தாண்டியது. அந்த வரிசையிலிருந்து பணம் இருப்பவர் விலகித் தனியாருக்குப் போகிறார், இல்லாதவர் நிற்கிறார்.

சரி, எதைத் தேர்ந்தெடுப்பது? கண்புரை, குடலிறக்கம், அன்றே வீடு திரும்பும் சின்ன ஆபரேஷன் என்றால், செலவு தாங்கும் பட்சத்தில் தனியார். பில்லில் என்னென்ன சேரும் என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். பெரிய வயிற்று ஆபரேஷன், இதயம், மூளை, அல்லது கூடவே பல நோய் உள்ளவர் என்றால், மூன்றாம் நாள் இரவு மூச்சுத் திணறினால் யார் பார்ப்பார்கள் என்று கேளுங்கள். "ஆம்புலன்ஸில் பெரிய மருத்துவமனைக்கு அனுப்புவோம்" என்பது பதிலென்றால், அந்தப் பெரிய மருத்துவமனையின் ஐசியு அப்போது நிரம்பியிருக்கும்.

புற்றுநோய் தனி ரகம். அறுவை நான்கு வாரம் தள்ளிப்போனாலே இறப்பு அபாயம் 6 முதல் 8 சதவீதம் கூடுகிறது என்று 2020 இல் வெளியான ஒரு தொகுப்பாய்வு காட்டியது. முழு ஊரடங்கு இருந்த பகுதிகளில் ஏழு பேரில் ஒருவருக்குத் திட்டமிட்ட புற்றுநோய் அறுவை நடக்கவேயில்லை. இங்கே அரசா தனியாரா என்று யோசிக்காமல், தனிப் பிரிவும் ஐசியுவும் உள்ள இடத்தில் முதலில் கிடைக்கும் தேதியை எடுங்கள். அரசு மருத்துவமனைப் பட்டியலில் பெயர் இருந்தால், தேதி தள்ளிப்போகும் ஒவ்வொரு முறையும் வலி, எடைக் குறைவு, ரத்தப்போக்கு என்று புதிதாக வந்ததைச் சொல்லி, முன்னுரிமையை மறுபடி மதிப்பிடச் சொல்லுங்கள். வாய் திறக்காதவரின் பெயர் போட்ட இடத்திலேயே கிடக்கும்.