ஜிப்சிக்குப் புதுப் பட்டை என்று சொல்லி வாங்கிய 41,300 ரூபாய்

போடியிலும் கம்பத்திலும் குடியிருந்துகொண்டு மலைமேல் ஏலக்காய்த் தோட்டம் வைத்திருப்பவர்களில் பலரிடம் இன்னும் பழைய மாருதி ஜிப்சி ஜீப் இருக்கிறது. அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். பட்டறையின் பெயரைப் போடவில்லை. புகார் இன்னும் விசாரணையில் இருக்கிறது.

என் வண்டி 1998 மாடல் ஜிப்சி கிங். முன்னும் பின்னும் பட்டை ஸ்பிரிங், அதாவது எஃகுப் பட்டைகளை அடுக்கிக் கட்டிய ஸ்பிரிங். கேரளத்துப் பூப்பாறை தாண்டி எங்கள் தோட்டத்துக்குள் இறங்கும் பாதை, மழை பிடித்துவிட்டால் நான்கு சக்கரமும் சேர்ந்து இழுத்தால்தான் ஏறும். விற்றுவிடச் சொல்லி மகன் வருடம் தவறாமல் சொல்கிறான், நானும் வருடம் தவறாமல் மறுக்கிறேன்.

2024 மே மாதம் பின்பக்கம் வலதுபுறம் தொய்ந்தது. குழியில் இறங்கினால், பட்டையின் முனையைச் சேசிஸோடு இணைக்கும் ஷேக்கிள் பக்கம் கடகடவென்று சத்தம். மலைமேல் பட்டறை வைத்திருந்தவர் கம்பம் பள்ளத்தாக்குக்காரர், நம் ஊர்ப் பேச்சுப் பேசுகிறவர். அந்த ஒரே காரணத்துக்காக அவரிடம் விட்டேன். இதை எழுதும்போது கூச்சமாகத்தான் இருக்கிறது.

அவர் வண்டிக்குக் கீழே படுத்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "பின்பக்க இரண்டு பட்டைக்கட்டும் போய்விட்டது அண்ணே. ரப்பர் புஷ், ஷேக்கிள் பின், யூ போல்ட் எல்லாம் மாற்ற வேண்டும். மேலே இருக்கிற ஷேக்கிள் பின்னுக்குக் கை போகாது. பெட்ரோல் டேங்க்கை இறக்கினால்தான் வெளியே வரும்." ஜிப்சி விற்பனையை நிறுத்தி ஆண்டுகள் ஆகிவிட்டதால் சாமான் டில்லி காஷ்மீரி கேட்டிலிருந்து வரவேண்டும் என்று 22,000 ரூபாய் முன்பணம் வாங்கினார். காஷ்மீரி கேட் உண்மையிலேயே பெரிய உதிரிபாகச் சந்தைதான். அதனால்தான் அந்தப் பேச்சு எடுபட்டது.

பத்தொன்பது நாள் கழித்து வண்டியை எடுத்தேன். பட்டைகள் பளபளவென்று கறுப்பாக மின்னின. பின்பக்கம் இரண்டு விரற்கடை உயர்ந்து நின்றது. மொத்தம் 41,300 ரூபாய், அதில் டேங்க் இறக்கி ஏற்றிய கூலி மட்டும் 2,500. ரசீது கேட்டதற்கு, "பில் போட்டால் 28 சதவீதம் ஜிஎஸ்டி கூடும், உங்களுக்குத்தான் நஷ்டம் அண்ணே" என்றார். கழற்றிய பழைய சாமானைக் கேட்டேன். பழைய இரும்புக்காரன் கொண்டுபோய்விட்டான் என்றார். அங்கேயே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

ஐந்து வாரத்தில் அந்த இரண்டு விரற்கடையும் இறங்கிவிட்டது. புதுப் பட்டை படியும், அப்படித்தான் என்று போனில் சமாதானம் சொன்னார்.

ஆகஸ்ட் கடைசியில் ஏலத்துக்காக நான்கு மூட்டை உலர்ந்த காயை ஏற்றிக்கொண்டு போடிக்கு இறங்கினேன். போடிமெட்டுப் பாதையில் பதினேழு கொண்டை ஊசி வளைவுகள். மேலிருந்து இரண்டாவது வளைவில் பிரேக்கை மிதித்ததும் பின்னால் டொக்கென்று ஒரு சத்தம் கேட்டது. அதன்பிறகு ஸ்டியரிங்கை நேராகப் பிடித்தாலும் வண்டி நண்டு மாதிரி ஒருக்களித்தே போனது. இறங்கிப் பார்த்தேன். வலது பின்சக்கரம் பின்னுக்குத் தள்ளிப்போய் மட்கார்டு ஓரத்தை உரசிக்கொண்டிருந்தது. ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் என்ன என்று அந்தப் பாதையில் போனவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. எப்படியோ வண்டியைத் திருப்பி, ஊர்ந்து மெட்டுக்கே வந்து சேர்ந்தேன்.

சூரியநெல்லியில் கொழுக்குமலை ஜீப்புகளுக்குப் பட்டை வேலை செய்கிற ஆசான் ஒருவரின் எண்ணை டீக்கடையில் கொடுத்தார்கள். மலையாளி, வயதானவர். வந்ததும் டார்ச்சோடு கீழே படுத்தார். அவர் முதலில் பட்டையைப் பார்க்கவில்லை, டேங்க்கைத்தான் பார்த்தார். அதைத் தாங்கும் போல்ட்டுகள் மேல் மண் இறுகிப் பாசி பிடித்துக் கிடந்தது. "சாரே, இது எத்தனை மழைக்காலத்து மண்?" என்று கேட்டார். டேங்க்கை இறக்காமல் ஷேக்கிள் பின் வராது என்று சொன்னவர், அந்த போல்ட்டில் ஸ்பேனரையே வைத்ததில்லை.

பிறகு ஒவ்வொன்றாகக் காட்டினார். மேல் ஷேக்கிள் பின் துருவோடு துருவாக ஒட்டிப்போன பழையதேதான். கண்ணுக்குத் தெரிகிற கீழ்ப் பின் மட்டும் புதிது. மேல் துளையில் புஷ்ஷுக்குப் பதிலாக டயர் ரப்பரை வெட்டித் திணித்திருந்தார்கள். பெயின்ட்டைச் சுரண்டியதும் பட்டையில் துரு தின்ற குழிகள் தெரிந்தன. பழைய பட்டைகளையே அடித்து வளைவு ஏற்றியிருக்கிறார்கள். அப்படி ஏற்றிய வளைவு பாரம் ஏறினால் இறங்கிவிடுமாம். மூன்றாவது பட்டை வேறு ஏதோ வண்டியுடையது. நீளத்துக்காக கேஸ் நெருப்பில் அறுத்த தழும்பு ஓரத்தில் இருந்தது. ஸ்பிரிங் எஃகுக்கு அப்படிச் சூடு காட்டினால் காட்டிய இடத்தில் பதம் போய்விடும். அந்த ஓரத்திலேயே மயிரிழை விரிசல் ஓடியிருந்தது.

டொக்கென்று முறிந்து போனது, பட்டைகளின் நடுவே ஓடும் சென்டர் போல்ட். அச்சைப் பட்டையோடு இறுக்கிப் பிடிப்பது யூ போல்ட்டுகள்தான், சென்டர் போல்ட் இடம் பிசகாமல் நிறுத்துவதற்கு மட்டும். பழைய, இழுபட்ட யூ போல்ட்டையே திரும்பப் போட்டால் பிடி தளரும், பிரேக் போடும் வேகம் முழுவதும் அந்த ஒரு போல்ட்டின் மேல் வந்து விழும். உறுதியான போல்ட்டின் தலையில் 8.8 அல்லது 10.9 என்று பொறித்திருக்கும். எனக்குப் போட்டதன் தலை மொட்டையாக இருந்தது.

ஆசான் அன்றைக்கு வண்டி நகரும் அளவுக்கு மட்டும் கட்டிக்கொடுத்தார். காயை வேறு ஜீப்பில் ஏற்றி அனுப்பினேன். சாமானை இந்த முறை நானே தேடினேன். ஆர்சி புத்தகத்தோடு கம்பெனி உதிரிபாகக் கவுன்ட்டருக்குப் போய்ச் சேசிஸ் எண்ணைக் கொடுத்தால் உதிரிபாக எண்ணைப் பார்த்துச் சொல்கிறார்கள். அந்த எண் கையில் இருந்தால் எந்தக் கடையிலும் ஏமாற்றுவது கடினம். புஷ்ஷும் பின்னும் பதினோரு நாளில் வந்தன. அச்சிட்ட விலையோடு, முத்திரை பிரியாத பெட்டியில். டில்லியும் வேண்டியிருக்கவில்லை, சென்னைப் புதுப்பேட்டை உதிரிபாகச் சந்தையும் வேண்டியிருக்கவில்லை. பட்டைக்கட்டை மட்டும் தேனியில் அளவு கொடுத்துப் புதிதாகச் செய்தேன்.

ஒட்டிப்போன மேல் பின்னுக்கு ஆசான் இரண்டு நாள் எண்ணெய் விட்டுப் பார்த்தார். அசையவில்லை. பெட்ரோல் பக்கத்தில் நெருப்பு வேண்டாம் என்று டேங்க்கை வடித்து, இறக்கித் தள்ளி வைத்துவிட்டுத்தான் அறுத்தார். கையோடு அந்தப் பின்னின் துண்டுகளை ஒரு டப்பாவில் போட்டு என்னிடம் கொடுத்தார். ஷேக்கிள் நட்டுகளைச் சக்கரம் தரையில் இறங்கி, வண்டி தன் பாரத்தில் நின்ற பிறகே கடைசியாக இறுக்கினார். ஜாக்கியில் தொங்கும்போதே இறுக்கினால் ரப்பர் முறுக்கிக்கொண்டு சீக்கிரம் கிழிந்துவிடும் என்றார். ஐந்நூறு கிலோமீட்டர் ஓடியதும் வரச்சொல்லி யூ போல்ட்டை மறுபடி இறுக்கிக் கொடுத்தார். அதற்குக் காசு வாங்கவில்லை.

கை போகாத இடத்துக்கு போன் போகும். டார்ச்சை எரியவிட்டு வீடியோ போட்டு உள்ளே நீட்டினால் போதும், வேலைக்கு முன் ஒன்று, பின் ஒன்று. பழைய பட்டைகளின் உள்பக்கம் வண்டியை விடுவதற்கு முன்பே ஒரு பொட்டுப் பெயின்ட் வைத்துவிடுங்கள். நான் இரண்டையும் செய்யவில்லை.

பட்டறை இடுக்கி மாவட்டத்தில் இருப்பதால் கேரளாவுக்கு அலைய வேண்டுமோ என்று முதலில் தயங்கினேன். 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் கேட்டேன். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, புகார் கொடுப்பவர் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடுக்கலாம். கொடுத்த தொகை ஐந்து லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது. இரண்டு ஆண்டுக்குள் கொடுக்க வேண்டும். தேனி நுகர்வோர் நீதிமன்றத்தில் கொடுத்தேன். ரசீது இல்லாதது பெரிய குறை. முன்பணம் போனில் அனுப்பியதால் வங்கிக் கணக்கில் தடயம் இருக்கிறது, மீதி 19,300 ரொக்கமாகப் போனது, அதற்கு வாய்ச்சொல்தான் சாட்சி.

நோட்டீஸ் போன மறுநாள் அவரே கூப்பிட்டார். "ஒரே ஊர்க்காரர்கள், நமக்குள் எதற்கு அண்ணே இதெல்லாம்?" என்றார். டேங்க் கூலியை மட்டும் திருப்பித் தருகிறாராம். நான் சம்மதிக்கவில்லை. அந்தப் பட்டைகளையும் டயர் ரப்பர்த் துண்டுகளையும் ஆசான் கொடுத்த டப்பாவையும் சாக்கில் கட்டி ஏலக்காய் ஸ்டோரில் வைத்திருக்கிறேன். அடுத்த வாய்தாவுக்கு எடுத்துக்கொண்டு போக வேண்டும்.