ரீச்சர்: முதலாவதா, 25-வதா?
திருச்செந்தூர் பாசஞ்சரில் ஜன்னலோரம் கிடைத்தால் கையில் ஒரு ஜாக் ரீச்சர் வேண்டும் எனக்கு, அதாவது லீ சைல்ட் எழுதும் த்ரில்லர் வரிசையில் ஒரு நாவல், ரீச்சர்தான் அதன் ஹீரோ. 1997-ல் வந்த முதல் நாவலில் ரீச்சரே கதை சொல்கிறார், அண்ணன் ஜோ விவகாரமும் அதில்தான், நெல்லை ஜங்ஷனில் பிரித்தவன் ஆறுமுகநேரி தாண்டியும் தலை தூக்கவில்லை, மடியிலிருந்த முறுக்குப் பொட்டலம் நமத்தே போச்சு. 2020-ல் வந்த 25-வதை லீ சைல்ட் தம்பி ஆண்ட்ரூவோடு சேர்ந்து எழுதினார். அதில் ஒரு ஊரின் கம்ப்யூட்டர்களை எல்லாம் ரேன்சம்வேர், அதாவது பூட்டிவைத்துப் பணம் கேட்கும் வைரஸ், முடக்கிவிடுகிறது, கதை தனியாகவே நிற்பதால் முந்தைய 24-ஐப் படிக்காதவருக்கும் புரியும். ஆனால் ரீச்சர் கொஞ்சம் வாயாடியாகிவிட்டார். அவர் எப்போதும் பையில் வைத்துத் திரியும் டூத் பிரஷ் மட்டும் மாறவில்லை! ஓசியில் கிடைத்தால் 25-வது சரி. காசு கொடுத்து வாங்குவதென்றால் முதலாவதுதான்.