பச்சை லைட்டை நம்பாதீர்கள்: எங்கள் வீட்டு டீப் ஃப்ரீசர்

பச்சை லைட்டைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் மற்றதை நியாயமாக எழுத வராது. மேல்மூடி டீப் ஃப்ரீசரின் முகப்பில் எரியும் அந்த லைட், பிளக்கில் கரண்ட் வருகிறது என்று மட்டும்தான் சொல்லும். உள்ளே குளிர் இருக்கிறதா என்பது அதற்குத் தெரியாது. போன மாதம் கம்ப்ரசரைக் கிளப்பிவிடும் ரிலே கருகி, கம்ப்ரசர் ஓடாமல் கிடந்தபோதும் ஜம்மென்று எரிந்துகொண்டிருந்தது. பார்க்க வந்த மெக்கானிக்கும் "லைட் எரியுதுல்லம்மா, நல்லாத்தான் இருக்கு" என்றார். மூடியைத் திறந்து கொழகொழவென்றிருந்த நெய்மீனைக் காட்டிய பிறகுதான் பையிலிருந்து ஸ்குரூ டிரைவர் வெளியே வந்தது.

எங்கள் வீடு ராமேஸ்வரம் பக்கத்தில் மண்டபம் என்ற ஊரில். மீன் வைக்க மட்டும் இதை வாங்கவில்லை. பாம்பனில் புயல் கூண்டு ஏற்றினார்கள் என்றால் இங்கே கரண்ட் எப்போது போகும், எப்போது வரும் என்று யாரும் சொல்ல முடியாது. 2024 நவம்பரில் ராமேஸ்வரத்தில் ஒரே நாளில் 40 செ.மீ.க்கு மேல் கொட்டியதே, அப்படிப்பட்ட நாளில் காய்கறிக்கு எங்கே போவது? அதனால் ஐப்பசி பிறக்கும் முன்பே சமைத்து உறைய வைத்துவிடுகிறேன்.

இதில் நான் எதிர்பார்க்காத சந்தோஷம் இட்லி. ஆறவைத்து, ஒன்றோடொன்று ஒட்டாமல் தட்டில் பரப்பி உறையவிட்டு, அப்புறம் கவரில் கட்டினால் போதும். கல்லாய் இருப்பதை அப்படியே இட்லிப் பானையில் வைத்துப் பத்து நிமிடம் ஆவி காட்டினால், அன்று வார்த்தது என்று சொல்லி என் மாமியாருக்கே பரிமாறலாம். இடியாப்பமும் புட்டும் இப்படியே. சாம்பாராக வைக்காதீர்கள், உருளைக்கிழங்கு மணல் மணலாகிவிடும். பருப்பை மட்டும் வேகவைத்து உறையவிடுங்கள். தேங்காய்ச் சட்னி தண்ணீர் தனியாகப் பிரிந்து நிற்கும்.

இதையெல்லாம்விட உதவுவது அரைத்த மசாலா. கரண்ட் இல்லாத நாளில் கேஸ் அடுப்பு எரியும், மிக்ஸி ஓடாது. குழம்புக்கு அரைத்த தேங்காய்-மல்லி உருண்டை கையில் இருந்தால் பாதி சமையல் முடிந்த மாதிரி.

சோற்றில் மட்டும் கவனம். வெந்த பிறகும் சாகாத கிருமி வித்துகள் அதில் உண்டு. வெதுவெதுப்பாக வெளியே கிடந்தால் அவை முளைத்து நஞ்சைக் கக்கிவிடும். திரும்பச் சூடாக்கினாலும் அந்த நஞ்சு போகாது. அகலத் தட்டில் பரப்பி ஃபேன் காற்றில் சீக்கிரம் ஆறவைத்து, இரண்டு மணி நேரத்துக்குள் மெல்லிய பொட்டலங்களாக உள்ளே போய்விட வேண்டும்.

கரண்ட் போனாலும் நிரம்பிய ஃப்ரீசர், மூடியைத் திறக்காமல் இருந்தால் சுமார் 48 மணி நேரம் தாங்கும். பாதி காலியென்றால் 24. அதனால் இடைவெளியில் எல்லாம் தண்ணீர் பாட்டில்களைப் போட்டு உறைய வைக்கிறேன். 2020 டிசம்பரில் புரெவி புயல் கரைக்குப் பக்கத்தில் மன்னார் வளைகுடாவிலேயே நகராமல் நின்றதே, அது மாதிரி நின்றால் இந்தக் கணக்கும் பத்தாது என்பது வேறு விஷயம்.

மறுபடியும் அந்த லைட்டுக்கே வருகிறேன். ராத்திரி கரண்ட் போய், எல்லாம் உருகி, மறுபடி வந்து இறுகிவிட்டால் காலையில் எப்படித் தெரியும்? பச்சைதான் எரியும். ஒரு டம்ளரில் தண்ணீரை உறையவைத்து மேலே ஒரு ரூபாய்க் காசு வைத்திருக்கிறேன். காசு உள்ளே இறங்கியிருந்தால் பொட்டலங்களைக் குப்பையில் போடவேண்டியதுதான். மறுபடி இறுகும் முன்பே பார்த்து, ஐஸ் துகள் இன்னும் மிச்சமிருந்தாலோ, 4 டிகிரிக்குள் இருந்தாலோ மட்டும் திரும்ப உறையவிடலாம். இத்தனை ஆயிரம் ரூபாய் வாங்கிக்கொண்ட கம்பெனிக்காரர்கள் மூடியில் ஒரு சின்ன தெர்மாமீட்டர் பதித்திருக்கக் கூடாதா? மைனஸ் 18 காட்டுகிறதா என்று ஒரு பார்வையில் தெரிந்துபோகும். கடைசியில் நானே தனியாக வாங்கி உள்ளே போட்டேன். அதைப் பார்க்க மூடியைத் திறக்க வேண்டும். கரண்ட் போனால் மூடியைத் திறக்கக் கூடாது!

மற்றபடி குறையில்லை. சத்தம் கிடையாது, உப்புக் காற்றில் கீல் மட்டும் கொஞ்சம் துருப்பிடித்திருக்கிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுக்குத் தடை இருக்கும் 61 நாளும் எங்கள் வீட்டில் மீன் குழம்பு நின்றதில்லை.

தொண்டியில் இருக்கும் நாத்தனார், "மதினி, விலை குறைஞ்சிருக்காம், வாங்கட்டுமா?" என்று கேட்டாள். வேண்டாம் என்றேன். "அப்ப உங்களத எனக்குக் குடுத்துருங்க" என்றாள். அதுவும் முடியாது என்றுவிட்டேன்.