டாங்கிளா, புளூடூத்தா: மடிக்கணினிக்கு எந்த மவுஸ்?

மடிக்கணினிக்குக் கம்பியில்லா மவுஸ் வாங்கக் கடைக்குப் போனால், "ஆர்.எஃப். வேண்டுமா, புளூடூத் வேண்டுமா?" என்றுதான் முதலில் கேட்கிறார்கள். கேள்வியிலேயே ஒரு சிறு பிழை இருக்கிறது. ஆர்.எஃப். என்றால் ரேடியோ அலைவரிசை. புளூடூத்தும் ரேடியோ அலையில்தான் பேசுகிறது. இன்று விற்பனைக்கு வரும் இரு வகை மவுஸ்களுமே 2.4 கிகாஹெர்ட்ஸ் பட்டையில்தான் இயங்குகின்றன. வீட்டு வை-ஃபை புழங்குவதும், மைக்ரோவேவ் அடுப்பிலிருந்து சற்றே கசிவதும் அதே பட்டைதான். அலை ஒன்றாக இருக்க, அதை வாங்கிக்கொள்ளும் கருவி இருக்கும் இடம் மட்டும் மாறுகிறது. ஆர்.எஃப். மவுஸில் அது விரல்நுனி அளவுள்ள டாங்கிளாக யூ.எஸ்.பி. போர்ட்டில் செருகப்பட்டிருக்கிறது. புளூடூத்தில் அது மடிக்கணினியின் உள்ளேயே, பெரும்பாலும் வை-ஃபையோடு ஒரே சிப்பில் குடியிருக்கிறது. இரண்டின் நிறைகுறைகளில் பெரும்பாலானவை இந்த ஓர் இட வேறுபாட்டிலிருந்தே கிளைக்கின்றன.

டாங்கிளின் பெரிய பலம், அது கணினியிடம் எதையும் எதிர்பார்ப்பதில்லை என்பதுதான். மவுஸும் டாங்கிளும் தொழிற்சாலையிலேயே ஒன்றோடொன்று இணைக்கப்பட்டு வருகின்றன. கணினியின் கண்ணுக்கு டாங்கிள் என்பது சாதாரணக் கம்பி மவுஸ்தான். அதனால் விண்டோஸ் ஏறுவதற்கு முன்பே, கணினியின் அடிப்படை அமைப்புகளை மாற்றும் பயாஸ் திரையிலும்கூட, மவுஸ் ஆதரவு இருக்கும் இடங்களில் எல்லாம் அது அசையும். புளூடூத்தில் இணைப்புக்கான ரகசிய எண் இயங்குதளத்தின் கோப்புகளில் சேமிக்கப்படுகிறது. இயங்குதளம் எழுந்திருக்கும்வரை பெரும்பாலான கணினிகளில் மவுஸுக்கு வேலை இல்லை. ஒரே மடிக்கணினியில் விண்டோஸையும் லினக்ஸையும் வைத்திருப்பவர்கள் இதன் தொல்லையை நன்கு அறிவார்கள். லினக்ஸில் புதிதாக இணைத்ததும் புது எண் உருவாகி, மவுஸ் பழைய எண்ணை மறந்துவிடும். மறுபடி விண்டோஸுக்குப் போனால், நேற்றுவரை பழகிய மவுஸ் அங்கே அந்நியமாக நிற்கும்.

டாங்கிளின் பலவீனமும் அதன் இடத்தில்தான் இருக்கிறது. மாக்புக் ஏர் போன்ற மெல்லிய கணினிகளில் இன்று யூ.எஸ்.பி. என்றால் டைப்-சி போர்ட்கள் மட்டுமே இருக்கின்றன. பழைய வடிவ டாங்கிளைச் செருக அடாப்டர் ஒன்று வாங்க வேண்டும், இருக்கும் சில போர்ட்களில் ஒன்றும் போய்விடும். தொலைவது அதைவிடப் பெரிய கவலை. அலுவலகக் கூட்ட அறையில் புரொஜெக்டரோடு இணைந்திருந்த கணினியில் டாங்கிளைச் செருகிவிட்டு, கூட்டம் முடிந்ததும் மவுஸை மட்டும் பையில் போட்டுக்கொண்டு நான் வந்துவிட்டேன். மறுநாள் போய்ப் பார்த்தபோது போர்ட் காலியாக இருந்தது. மவுஸ் புதுக்கருக்கு மாறாமல் மேசை இழுப்பறையில் ஆண்டுக்கணக்கில் கிடந்தது. மவுஸ் தயாரிக்கும் லாஜிடெக் நிறுவனம் 2009-இல் கொண்டுவந்த யூனிஃபையிங் போன்ற முறைகளில், ஒரே டாங்கிளில் ஆறு கருவிகள்வரை இணைக்கலாம். தொலைந்தால் இன்னொன்று வாங்கி மறுபடி இணைத்துக்கொள்ளவும் முடியும். மலிவு மவுஸ்களில் பெரும்பாலும் இந்த வசதி கிடையாது. டாங்கிள் போனால் மவுஸும் போனதுதான்.

கர்சர் விட்டுவிட்டு ஓடுவது இரு தரப்பிலும் கேட்கும் புகார்தான் என்றாலும், காரணங்கள் வேறு வேறு. டாங்கிளுக்குப் பெரும் எதிரி, பக்கத்துப் போர்ட்டில் இருக்கும் யூ.எஸ்.பி. 3.0 கருவி. அந்த வேகத்தில் தரவு ஓடும்போது எழும் மின்னிரைச்சல் 2.4 கிகாஹெர்ட்ஸ் பட்டையிலும் விழுகிறது என்பதை இன்டெல் நிறுவனமே 2012-இல் ஓர் அறிக்கையில் விளக்கியிருக்கிறது. வெளி ஹார்டு டிஸ்க்கில் படங்களை நகலெடுக்கும்போதெல்லாம் என் கர்சர் சேற்றில் கால் வைத்ததுபோல் இழுபட்டது. நகல் முடிந்த மறுகணமே சரியாகிவிடும். பேட்டரியை மாற்றிப் பார்த்தேன், மவுஸ் பேடை மாற்றிப் பார்த்தேன், பயனில்லை. கடைசியில் அரை மீட்டர் யூ.எஸ்.பி. நீட்டிப்புக் கேபிளில் டாங்கிளைத் தள்ளி வைத்ததும் தொல்லை அடியோடு தீர்ந்தது. டாங்கிளைக் கணினியின் மறுபக்கத்தில் இருக்கும் போர்ட்டுக்கு மாற்றினாலே பலருக்குப் போதும்.

புளூடூத் நெரிசலைச் சமாளிக்கத் தனி உத்தி வைத்திருக்கிறது. மூலப் புளூடூத் பட்டையை 79 தடங்களாகப் பிரித்து நொடிக்கு 1,600 முறை தடம் தாவுகிறது. 2010-இல் வந்த 4.0 பதிப்பின் குறைமின் வகை, 40 தடங்களை வைத்துக்கொண்டு அதே வேலையைச் செய்கிறது. வை-ஃபை அடைத்துக்கொண்டிருக்கும் தடங்களை ஒதுக்கிவிட்டுத் தாவும் அறிவு 2003-இன் 1.2 பதிப்பிலேயே வந்துவிட்டது. ஆனால் வீட்டுக்குள்ளேயே இருக்கும் பங்காளிதான் சிக்கல்: பல மடிக்கணினிகளில் வை-ஃபையும் புளூடூத்தும் ஒரே ஆன்டெனாவை முறைவைத்துப் பயன்படுத்துகின்றன. 2.4 கிகாஹெர்ட்ஸ் வை-ஃபையில் பெரிய கோப்பு இறங்கிக்கொண்டிருந்தால், மவுஸ் தன் முறைக்காகக் காத்திருக்க வேண்டியதுதான். ரூட்டரில் 5 கிகாஹெர்ட்ஸ் இருந்தால் வை-ஃபையை அதற்கு மாற்றுங்கள்; புளூடூத் மவுஸின் குறை பாதி குறைந்துவிடும்.

வேகத்தைப் பற்றிய பேச்சில் மிகை அதிகம். சாதாரண டாங்கிள் மவுஸ் நொடிக்கு 125 முறை தன் நகர்வைச் சொல்கிறது. குறைமின் புளூடூத்தில் இரு தொடர்புகளுக்கு இடையே குறைந்தது 7.5 மில்லிநொடி என்ற வழக்கமான வரம்பு இருப்பதால், அதுவும் ஏறத்தாழ அங்கேயே நிற்கிறது. எக்செல் தாளில் கட்டம் கட்டமாக நகர்கிறவருக்கு இரண்டும் ஒன்றுதான். விளையாட்டுக்கென்றே செய்த டாங்கிள் மவுஸ்கள் நொடிக்கு 1,000 முறையும் அதற்கு மேலும் போவதால், அந்தக் களத்தில் புளூடூத்துக்கு இடமில்லை. அன்றாட வேலையில் கண்ணுக்குத் தெரியும் தாமதம் ஒன்றே: தேநீர் குடித்துவிட்டு வந்து மவுஸைத் தொட்டால், உறங்கிப்போன புளூடூத் இணைப்பு விழிக்க ஓரிரு நொடி எடுத்துக்கொள்ளும்.

பாதுகாப்பை நாம் பொதுவாக யோசிப்பதே இல்லை. பாஸ்டில் என்ற நிறுவனத்தின் ஆய்வாளர்கள் 2016-இல் மவுஸ்ஜாக் என்ற ஓட்டையை வெளியிட்டார்கள். பல பெரிய நிறுவனங்களின் டாங்கிள்களுக்கு, சற்றுத் தொலைவிலிருந்து மலிவான ரேடியோ கருவி ஒன்றின் மூலம் விசைப்பலகைத் தட்டல்களை அனுப்ப முடிந்தது. மவுஸ் பேச்சுக்கு மறையாக்கம் (பிறர் படிக்க முடியாத ரகசியக் குறியாக மாற்றுவது) தேவையில்லை என்று விட்டதே பல மாடல்களில் வாசலைத் திறந்துவைத்தது. புளூடூத் மவுஸ்கள் இந்த ஓட்டையில் சிக்கவில்லை. 2021-இல் லாஜிடெக் கொண்டுவந்த போல்ட் டாங்கிள் உள்ளே குறைமின் புளூடூத்தையே வைத்திருக்கிறது என்பது இந்தப் போட்டியின் வேடிக்கையான திருப்பம்.

பேட்டரியை வைத்து முடிவெடுக்க வேண்டியதில்லை. டாங்கிள் மட்டும் உள்ள லாஜிடெக் எம்185 ஒரே ஏஏ பேட்டரியில் 12 மாதமும், டாங்கிள், புளூடூத் இரண்டிலும் இயங்கும் எம்350 18 மாதமும் ஓடும் என்கிறது நிறுவனம். இரண்டுமே நீண்ட காலம்தான்.

கணினியைப் பையில் போட்டுக்கொண்டு அலைகிறவர், குறிப்பாக டைப்-சி மட்டும் உள்ள கணினி வைத்திருப்பவர், புளூடூத் வாங்குவதே சரி. ஒரே மேசையில் இருந்து வேலை செய்கிறவர், இரண்டு இயங்குதளம் வைத்திருப்பவர், அடிக்கடி கணினி பழுது பார்க்கிறவர் ஆகியோருக்கு டாங்கிள் நிம்மதி தரும். என் கைக்காசைக் கேட்டால், சற்றுக் கூடுதல் விலை கொடுத்தாலும் இரண்டும் உள்ள மவுஸையே எடுப்பேன். அடியில் உள்ள பொத்தானை அழுத்தினால் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறிக்கொள்ளும். கடையில் வாங்கும்போது பேட்டரி மூடியைத் திறந்து, டாங்கிளை வைப்பதற்கென்று உள்ளே ஒரு குழி இருக்கிறதா என்று பாருங்கள். என் பழைய மவுஸில் அது இருந்தது. நான்தான் ஒருநாளும் பயன்படுத்தவில்லை.