லேப் விற்கும் ‘பிசிஓடி பேக்கேஜ்’: எது தேவை, எது வீண்

மாதவிடாய் இரண்டு மாதம் தள்ளிப்போனாலோ, தாடையில் முடி தடித்தாலோ, தலைமுடி கொத்தாகக் கொட்டினாலோ இன்று பல பெண்கள் முதலில் போவது டாக்டரிடம் இல்லை. போனில் லேப் பேக்கேஜ் புக் செய்கிறார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. டாக்டரிடம் போனவர்களில் எத்தனையோ பேருக்குக் கிடைத்தது இரண்டு நிமிடமும், “வெயிட்டைக் குறைம்மா, கல்யாணம் ஆனா எல்லாம் சரியாயிடும்” என்ற பேச்சும்தான். அதற்குப் பிறகு, “வீட்டுக்கே வந்து ரத்தம் எடுக்கிறோம், முழு பிசிஓடி ப்ரொஃபைல்” என்று ஒரு விளம்பரம் கண்ணில் பட்டால் கை அங்கேதான் போகும். பிசிஓடி என்பது சினைப்பையின் ஹார்மோன் கோளாறு, டாக்டர்கள் அதையே பிசிஓஎஸ் என்பார்கள். எனவே அந்தப் பேக்கேஜுக்குள் என்ன இருக்கிறது, கொடுக்கும் காசுக்கு என்ன தெரியவரும் என்று பார்த்துவிடுவோம்.

பெயரும் விலையும் லேபுக்கு லேப் மாறும். உள்ளே இருப்பது ஏறக்குறைய ஒன்றுதான். சினைப்பையை இயக்கும் ஹார்மோன்களான எல்.எச்., எஃப்.எஸ்.எச்., பால் சுரக்க வைக்கும் புரோலாக்டின், தைராய்டு, ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோன், வெறும் வயிற்றுச் சர்க்கரை, வெறும் வயிற்று இன்சுலின். பெரிய பேக்கேஜ் என்றால் ஏ.எம்.எச். (சினைப்பைக்குள் உள்ள முட்டைப்பைகள் சுரக்கும் ஹார்மோன்), டி.எச்.இ.ஏ.எஸ். (அட்ரினல் சுரப்பியிலிருந்து வரும் ஆண் ஹார்மோன் வகை), விட்டமின் டி எல்லாம் சேரும். இவற்றில் ஏறத்தாழ பாதிதான் சிகிச்சைக்கு உதவும். கட்டாயம் பார்க்க வேண்டிய ஒன்றிரண்டு பெரும்பாலும் பட்டியலிலேயே இருக்காது.

ஏன் என்று புரிய, இந்தப் பிரச்சினையை எப்படி உறுதி செய்கிறார்கள் என்று தெரிய வேண்டும். 2003-இல் ராட்டர்டாமில் வகுத்த அளவுகோலை மெருகேற்றி, ஆஸ்திரேலியாவின் மோனாஷ் பல்கலைக்கழகம் முன்னின்று 2018-இலும் 2023-இலும் சர்வதேச வழிகாட்டி வெளியானது. மூன்று விஷயங்களைப் பார்க்கிறார்கள்: மாதவிடாய் ஒழுங்கின்மை, ஆண் ஹார்மோன் கூடியதற்கான அடையாளம், சினைப்பையின் தோற்றம். வயதுவந்த பெண்ணுக்கு இவற்றில் இரண்டு இருந்து, வேறு நோய் இல்லை என்று உறுதியானால் பிசிஓஎஸ். ஒழுங்கின்மைக்கும் கணக்கு உண்டு. வயதுக்கு வந்து மூன்று ஆண்டு கடந்த பிறகு, சுழற்சி 21 நாளுக்குள் வந்தாலோ 35 நாளைத் தாண்டினாலோ, வருடத்துக்கு 8 முறைக்குக் குறைவாக வந்தாலோ அது ஒழுங்கின்மை. ஆண் ஹார்மோன் கூடியதை ரத்தத்தில்தான் பார்க்க வேண்டும் என்பதும் இல்லை. மேலுதடு, தாடை, மார்பு, அடிவயிற்றில் கருத்துத் தடித்து வளரும் முடியே தெளிவான அடையாளம். த்ரெடிங், வேக்சிங் செய்துவிட்டுப் போகிறவர்கள் அதை டாக்டரிடம் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். மழித்த முகத்தைப் பார்த்து, “முடி இல்லையே” என்று எழுதிவிடுவார்கள்.

ஆக, மாதவிடாய் தள்ளிப்போகிறது, முடி வளர்ச்சியும் தெளிவாக இருக்கிறது என்றால் சினைப்பையைப் பார்க்க ஸ்கேனும் தேவையில்லை, ஏ.எம்.எச்.சும் தேவையில்லை. பேக்கேஜில் விலை கூடிய டெஸ்ட் பெரும்பாலும் அந்த ஏ.எம்.எச்.தான், தனியாக எடுத்தால் அது ஒன்றுக்கே ஆயிரம் ரூபாய்க்கு மேல் போகும்.

உருப்படியானவற்றை முதலில் சொல்லிவிடலாம். தைராய்டும் புரோலாக்டினும் அவசியம். இரண்டில் எது கெட்டாலும் மாதவிடாய் தள்ளும், மருந்து வேறு. ஆனால் புரோலாக்டினில் ஒரு பொறி இருக்கிறது. கேஸ் தொல்லைக்கு மெடிக்கலில் சர்வசாதாரணமாகத் தரும் மாத்திரைகளில் பான்டோபிரசோலோடு டோம்பெரிடோனோ லெவோசல்பிரைடோ சேர்ந்திருக்கும். இரண்டுமே புரோலாக்டினை ஏற்றிவிடும். மனநல மருந்துகள் சிலவும் ஏற்றும். மாத்திரை அட்டையின் பின்பக்கத்தைப் பார்த்து, என்னென்ன போடுகிறீர்கள் என்று சொல்லாமல் ரத்தம் கொடுத்தால், தேவையில்லாமல் மூளை ஸ்கேன் வரை போக நேரிடும். லேசாகக் கூடியிருந்தால், எழுந்து ஓரிரு மணி நேரம் கழித்து, பதற்றமில்லாமல் உட்கார்ந்திருந்து மறுபடி எடுத்துப் பார்ப்பதே முறை. மனநல மருந்தை மட்டும் எழுதிக்கொடுத்தவரைக் கேட்காமல் நிறுத்தக் கூடாது.

டெஸ்டோஸ்டிரோனும் தேவைதான், எப்படி அளக்கிறார்கள் என்பதில்தான் கோளாறு. பெண்ணுடம்பில் அதன் அளவு மிகக் குறைவு. பல லேப்களில் இருக்கும், ஆன்டிபாடியை வைத்து அளக்கும் இம்யூனோஅஸே மெஷின்கள் அந்தக் கீழ் அளவில் தடுமாறும். மூலக்கூறின் எடையை வைத்து அளக்கும் மாஸ் ஸ்பெக்ட்ரோமெட்ரி முறை துல்லியமானது, பெரிய லேப்களில்தான் கிடைக்கும். ‘ஃப்ரீ டெஸ்டோஸ்டிரோன்’ (புரதத்தோடு ஒட்டாமல் இருக்கும் பங்கு) என்று நேரடியாக அளந்து தரும் எண்ணை நம்ப வேண்டாம். மொத்த டெஸ்டோஸ்டிரோனோடு, அதைப் பிடித்துவைக்கும் ரத்தப் புரதமான எஸ்.எச்.பி.ஜி.யும் எடுத்து, இரண்டையும் வைத்துக் கணக்கிடும் ஃப்ரீ ஆண்ட்ரோஜன் இண்டெக்ஸ் அதைவிடப் பலமடங்கு மேல். கணக்கு எளிது: இரண்டும் லிட்டருக்கு நானோமோலில் இருக்க வேண்டும்; முதலாவதை இரண்டாவதால் வகுத்து நூறால் பெருக்க வேண்டும். லேப் டெசிலிட்டருக்கு நானோகிராமில் கொடுத்திருந்தால், டெஸ்டோஸ்டிரோன் எண்ணை முதலில் 28.84-ஆல் வகுத்துக்கொள்ளுங்கள். எஸ்.எச்.பி.ஜி. பல பேக்கேஜ்களில் இருப்பதில்லை.

கர்ப்பத்தடை மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு இந்த எண்கள் எதுவும் பொருந்தாது. அதை நிறுத்தி மூன்று மாதமாவது ஆக வேண்டும். முடி கொட்டுவதற்காக பயோட்டின் மாத்திரை எடுப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். பயோட்டினை வைத்தே இயங்கும் மெஷின்களில் அது டெஸ்டோஸ்டிரோனைப் பொய்யாக ஏற்றியும், தைராய்டு டெஸ்டான டி.எஸ்.எச்.சைப் பொய்யாக இறக்கியும் காட்டும். முடி கொட்டுதல் இந்தப் பிரச்சினையின் அறிகுறியே என்பதால், பயோட்டின் சாப்பிடுகிறவர்கள்தான் இந்த டெஸ்டுக்கு வரிசையில் நிற்கிறார்கள். ரத்தம் கொடுக்கும் முன் இரண்டு மூன்று நாளாவது அதை நிறுத்த வேண்டும். புக் செய்யும் பக்கத்தில், “12 மணி நேரம் சாப்பிடக் கூடாது” என்று எழுதுகிறவர்கள் இந்த ஒரு வரியையும் எழுதியிருக்கலாம்.

விட்டுப்போகிற டெஸ்டில் முக்கியமானது 17 ஹைட்ராக்ஸி புரோஜெஸ்டிரோன். அட்ரினல் சுரப்பியின் பிறவிக் கோளாறு ஒன்று, பெரியவளான பிறகு வெளிப்பட்டு அப்படியே பிசிஓஎஸ் மாதிரி தோற்றம் காட்டும். அதைப் பிரித்தறிய இதுதான் வழி. மாதவிடாய் வந்த முதல் சில நாட்களில், காலையிலேயே எடுக்க வேண்டும். டெசிலிட்டருக்கு 200 நானோகிராமுக்குக் கீழே இருந்தால் பெரும்பாலும் கவலை இல்லை.

எல்.எச்., எஃப்.எஸ்.எச். விகிதம் இரண்டுக்கு மேல் போனால் பிசிஓடி என்று இன்னும் பலர் சொல்கிறார்கள். மேலே சொன்ன சர்வதேச அளவுகோலில் அது இல்லை. எஃப்.எஸ்.எச். மட்டும், சினைப்பை சீக்கிரமே ஓய்கிறதா என்று பார்க்க உதவும். வெறும் வயிற்று இன்சுலின் அதைவிட வீண். லேபுக்கு லேப் அளவு மாறும், எடுத்த ரத்தத்தில் சிவப்பணு உடைந்திருந்தால் எண் இறங்கிவிடும். எண் கூடினாலும் குறைந்தாலும் சிகிச்சை மாறப்போவதில்லை. அன்றாடச் சிகிச்சையில் அதற்குப் பெரிய பயனில்லை என்றுதான் வழிகாட்டியும் சொல்கிறது. அந்த எண்ணைப் பார்த்துவிட்டுப் பயந்து தூக்கம் கெடுபவர்கள் ஏராளம்.

இன்சுலினுக்குச் செலவழிப்பதைச் சர்க்கரைக்குச் செலவழியுங்கள். இந்தப் பேக்கேஜ்கள் மேல் உள்ள பெரிய புகாரே இதுதான். பிசிஓஎஸ் உள்ள பெண்ணுக்குச் சர்க்கரை நோய் வரும் ஆபத்து இளவயதிலேயே கூடுகிறது, நம் தெற்காசிய உடம்புக்கு இன்னும் கூடுதல். வெறும் வயிற்றுச் சர்க்கரை நன்றாக இருந்து, குளூக்கோஸ் குடித்த பிறகு ஏறுகிறவர்கள் நிறைய. எனவே 75 கிராம் குளூக்கோஸ் டெஸ்ட்தான் முதல் தேர்வு. மூன்று மாதச் சராசரியான எச்.பி.ஏ.1சி மட்டும் போதாது. அதிக ரத்தப்போக்கால் இரும்புச்சத்து குறைந்திருந்தால் அந்த எண் பொய்யாக ஏறும். மதியச் சாப்பாட்டுக்குப் பின் எடுக்கும் சர்க்கரையும் இதற்கு மாற்று ஆகாது.

செய்யும் விதம் இது. முந்தைய மூன்று நாளும் வழக்கம்போல் சோறு, இட்லி சாப்பிட வேண்டும். டயட் என்று மாவுச்சத்தைக் குறைத்துவிட்டுப் போனால் எண் பொய்யாக ஏறும். முந்தைய இரவிலிருந்து 8 முதல் 12 மணி நேரத்துக்குத் தண்ணீர் மட்டும். காலையில் ஒரு ரத்தம் எடுத்த பிறகு, 250 முதல் 300 மி.லி. தண்ணீரில் கரைத்த குளூக்கோஸை ஐந்து நிமிடத்துக்குள் குடிக்க வேண்டும். நீரில்லாத குளூக்கோஸ் என்றால் 75 கிராம். மோனோஹைட்ரேட் என்றால் 82.5 கிராம். கடையில் விற்கும் எனர்ஜி பவுடரைக் கண் அளவாகக் கலக்கிக் கொடுக்கும் இடத்தில் இந்த டெஸ்டைச் செய்யாதீர்கள். பிறகு இரண்டு மணி நேரம் லேபிலேயே உட்கார வேண்டும். நடந்துபோய் டீ குடித்துவிட்டு வரக் கூடாது. வாந்தி வந்தால் அன்று விட்டுவிட்டு இன்னொரு நாள். இரண்டாம் மணி நேர எண் 140-க்குக் கீழ் சரி, 140 முதல் 199 வரை சர்க்கரை நோயின் முன்நிலை, 200-ஐத் தொட்டால் சர்க்கரை நோய்க்கான அளவு. உறுதி செய்ய இன்னொரு டெஸ்ட் எடுப்பார்கள். இரண்டு மணி நேரம் உட்கார வைக்க வேண்டியிருப்பதால் வீட்டுக்கு வந்து எடுக்கும் பேக்கேஜில் இது பெரும்பாலும் வராது.

வீட்டுக்கு வந்து எடுப்பது சௌகரியம்தான், மறுக்கவில்லை. ஆனால் எடுக்க வருகிறவர் எந்தக் குழாயில் எடுக்கிறார் என்று பாருங்கள். சர்க்கரைக்குச் சாம்பல் மூடி, எச்.பி.ஏ.1சிக்கு ஊதா மூடி, ஹார்மோனுக்கு மஞ்சள் அல்லது சிவப்பு. சர்க்கரை ரத்தத்தை மற்றக் குழாயில் எடுத்துப் பிரிக்காமல் வைத்தால், மணிக்கு 5 முதல் 7 சதவீதம் வரை அளவு இறங்கிக்கொண்டே போகும். பைக்கில் வெயிலில் பத்து வீடு சுற்றி மத்தியானம் லேபுக்குப் போகும் பை என்றால் ‘நார்மல்’ என்று வருவதில் ஆச்சரியமில்லை. காலை முதல் வீடாக நேரம் கேளுங்கள், ஐஸ் பெட்டி இருக்கிறதா என்றும் கேளுங்கள். லேபின் தரத்துக்குத் தரும் என்.ஏ.பி.எல். அங்கீகாரம் ஒவ்வொரு டெஸ்டுக்கும் தனித்தனி என்பதால், டெஸ்டோஸ்டிரோன் அந்தப் பட்டியலில் உண்டா என்று விசாரிப்பதும் நல்லது.

பேக்கேஜோடு ‘இலவச ஸ்கேன்’ தரும் இடங்களும் உண்டு. வயதுக்கு வந்து எட்டு ஆண்டு ஆகாத பெண்ணுக்குச் சினைப்பையைப் பார்த்து பிசிஓஎஸ் என்று சொல்லக் கூடாது. அந்த வயதில் நிறைய முட்டைப்பைகள் தெரிவது இயல்பு. ஏ.எம்.எச்.சும் அந்த வயதில் கூடாது. பதினாறு வயதுப் பிள்ளையின் ரிப்போர்ட்டில், “பாலிசிஸ்டிக் ஓவரி” என்று எழுதிக்கொடுத்து வீட்டையே கலங்கடிப்பது கொடுமை. பெரியவர்களுக்கும் எண்ணிக்கை மாறிவிட்டது: பழைய அளவுகோலில் 12 போதும், இப்போது ஒரு சினைப்பையில் 20 முட்டைப்பை அல்லது 10 மி.லி. கொள்ளளவு. வயிற்றின் மேல் வைத்துப் பார்க்கும் ஸ்கேனில் எண்ணிக்கை சரியாக வராது, கொள்ளளவைத்தான் பார்க்க வேண்டும். ரிப்போர்ட்டில் மி.லி. இல்லாமல், ‘பல்கி’ (பருத்திருக்கிறது) என்று மட்டும் இருந்தால் மி.லி. அளவை எழுதித் தரச் சொல்லுங்கள்.

எதற்கும் முன்னால், தள்ளிப்போன மாதவிடாய்க்கு முதல் டெஸ்ட் மெடிக்கலில் வாங்கும் கர்ப்பப் பரிசோதனை அட்டை. எந்தப் பேக்கேஜும் சொல்லாத இன்னொன்று: 90 நாளைத் தாண்டியும் வரவில்லை என்றால் ரிப்போர்ட்டுக்காகக் காத்திருக்காமல் மகப்பேறு மருத்துவரைப் பார்க்க வேண்டும். கர்ப்பப்பையின் உள்சவ்வு கழியாமல் தடித்துக்கொண்டே போவது நல்லதல்ல; அதைக் கழிக்க சில நாள் புரோஜெஸ்டிரோன் மாத்திரை கொடுப்பார்கள். சில மாதங்களுக்குள் குரல் தடித்து, முடி வேகமாக வளர்ந்து, டெஸ்டோஸ்டிரோன் மிக அதிகமாக வந்தால் அது பிசிஓஎஸ் கணக்கில் சேராது, உடனே பார்க்க வேண்டியது.

கையில் பணம் குறைவு என்றால் வாங்கும் வரிசை இது: டி.எஸ்.எச்., புரோலாக்டின், 75 கிராம் குளூக்கோஸ் டெஸ்ட், ரத்தக் கொழுப்பு. முடி வளர்ச்சி தெளிவாக இல்லாவிட்டால் மட்டும் டெஸ்டோஸ்டிரோனும் எஸ்.எச்.பி.ஜி.யும். 17 ஹைட்ராக்ஸி புரோஜெஸ்டிரோனை டாக்டர் சொன்னால் சேர்த்துக்கொள்ளலாம். ரத்த அழுத்தமும் சாதாரணச் சர்க்கரையும் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே இலவசமாகப் பார்க்கலாம். இடுப்புச் சுற்றளவுக்கு ஒரு டேப் போதும், நம் பெண்களுக்கு எல்லை 80 செ.மீ. போகும்போது கடைசி ஆறு மாதவிடாய்த் தேதி, சாப்பிடும் மாத்திரைகள், வீட்டில் யாருக்குச் சர்க்கரை என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். டாக்டரின் இரண்டு நிமிடத்துக்குள் சொல்லி முடிக்க அந்தத் தாள் உதவும். மனச்சோர்வும் பதற்றமும் இந்தப் பிரச்சினையோடு அடிக்கடி சேர்ந்தே வரும். கேட்காவிட்டாலும் அதையும் அந்தத் தாளில் எழுதுங்கள்.

ஒருமுறை உறுதியானால், “மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஃபாலோ அப் பேக்கேஜ்” என்று வரும் குறுஞ்செய்திக்குக் காசு கட்ட வேண்டாம். ஏ.எம்.எச்.சையும் எல்.எச்.சையும் திரும்பத் திரும்பப் பார்ப்பதால் எதுவும் மாறாது. திரும்பப் பார்க்க வேண்டியது சர்க்கரை, ஆபத்தைப் பொறுத்து ஒன்று முதல் மூன்று ஆண்டுக்கு ஒருமுறை. ரத்த அழுத்தம், ஆண்டுக்கு ஒருமுறை. சர்க்கரையைக் குறைக்கும் மெட்ஃபார்மின் மாத்திரையை நீண்ட காலம் சாப்பிடுகிறவர்கள் விட்டமின் பி12-ஐயும் பார்த்துக்கொள்ள வேண்டும்.